ராத்திரி ஷிப்ட் ராணி

பி.காம். படித்தவன் பாட்டுக் கேட்டாலும், 'இதுக்கு செலவு என்ன ஆகியிருக்கும்?' என்றுதான் புத்தி போகும். இங்கிலாந்தின் 'குயின்' கோஷ்டி 1973 ஜூலையில் வெளியிட்ட முதல் ஆல்பம் அப்படிக் கணக்குப் போட ஏற்ற சரக்கு. ஆல்பத்தின் பெயரும் 'குயின்'தான்.

ஆம்பிளைகள் ஜிகினாச் சட்டையும் கண்மையுமாக மேடையேறிய 'கிளாம் ராக்' காலம் அது. நம்மூர் ரிசப்ஷன் மாப்பிள்ளை மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பார்ஸிக்காரர். மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூலில் படித்தவர். பேஸ் கிடார் ஜான் டீக்கனின் பெயரை அட்டையில் 'டீக்கன் ஜான்' என்று திருப்பிப் போட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் சகஜம்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு அதில் பிடித்துப்போகிற ஆசாமி கிடாரிஸ்ட் பிரையன் மே. நல்ல கிடார் வாங்கக் காசில்லை. 1963-ல் அப்பாவும் பையனுமாக வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பட்டன்! 1937-லேயே நம்மூரில் மோட்டார் செய்துகாட்டிய ஜி.டி. நாயுடு பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். அதில் வந்த சத்தத்தை மெஷின் வேலை என்று ஜனம் நினைத்துவிடக் கூடாதே என்று, 'யாரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை' என்கிற மாதிரி அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

பாட்டைப் பதிவு செய்தது லண்டன் டிரைடென்ட் ஸ்டூடியோவில். டேவிட் போவி மாதிரி பெரிய தலைகள் பாடிய இடம். காசு கொடுத்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, சும்மா கிடக்கிற நேரத்தில், பெரும்பாலும் நடுராத்திரியில் இவர்களுக்கு இடம். பட்டறை பாஷையில் சொன்னால், ஆர்டர் இல்லாதப்போ ஓடுகிற லேத்.

கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன்.

"ஏனுங்க, சும்மாவா மிஷினை உட்டுக் குடுத்தாங்க? கணக்குல எங்கியாச்சும் எழுதியிருப்பாங்களே!" என்றார்.

எழுதித்தான் இருந்தார்கள். மேனேஜ்மென்ட், பாட்டு உரிமை, ரெக்கார்டிங் மூன்றும் டிரைடென்ட் கையில். கோஷ்டிக்கு வாரச் சம்பளம். 1974-ல் 'கில்லர் குயின்' பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போயும், கையில் காசில்லை என்று இவர்கள் புலம்பினார்கள். 1975-ல் பிரிந்தபோது ஒரு லட்சம் பவுண்டும், அடுத்த ஆறு ஆல்பங்களில் ஒரு சதவிகிதமும் டிரைடென்டுக்குத் தர ஒப்புக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். ஸ்டூடியோக்காரர் பிற்பாடு தன் பக்க நியாயத்தைப் புத்தகமாகவே போட்டார். புதுப் பையன்களை நம்பி முதல் போட்டவர் அவர் என்பதும் நிஜம்.

ஆனால் ஒன்று. அந்த ஓசி ராத்திரிகள் இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை. ஆகவே யாராவது "ஃப்ரீயாப் பண்ணிக்கப்பா" என்றால் வேண்டாம் என்று சொல்லாதீங்க கண்ணு. பாட்டுக்கு முன்னாடி பத்திரத்தை ஒருதரம் வாசிச்சுப் பாத்துருங்க. அதுக்கு சுருதி, தாளம் தெரிய வேண்டியதில்லை, பி.காம். போதும்.