பச்சை பூத்த வடிகட்டி

"மொத்தமா ஐம்பதாயிரம் கொடும்மா, எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்றார் டாக்டர். அடையாறில் அவர் வீட்டு மாடி அறையில் பாயை விரித்து, பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரெகுலேட்டர், பிசிடி என்கிற காற்று ஜாக்கெட், டைவ் கம்ப்யூட்டர், வெட்சூட், மாஸ்க், ஒரு ஜோடி ஃபின்ஸ். மூலையில் ஒரு அலுமினிய சிலிண்டர். எல்லாம் அவர் மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியவை. காதில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, இனிக் கடலுக்குள் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நான்கு வருடமாகப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் அவர் துணியால் துடைத்து வைத்த விதத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

வாங்கிவிடலாம் என்று மனம் துடித்தது உண்மை. மூன்று வருடமாகப் புதுச்சேரியில் டைவ் செய்கிறேன், இன்றுவரை எல்லாமே வாடகைதான். புதிதாக வாங்கினால் இதைப்போல மூன்று மடங்காவது ஆகும். ஆனாலும் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். காரணம், போன மார்ச்சில் நடந்த ஒன்று.

12 மீட்டர் ஆழத்தில் இருந்தேன். வாடகைக்கு எடுத்த ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன், அது திரும்பி வரவில்லை. உள்ளே உப்பு இறுகியிருந்திருக்கிறது. ஜாக்கெட் தானாகவே உப்பிக்கொண்டு போக, உடம்பு மேலே எழும்பத் தொடங்கியது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிறைத்திருக்கும் காற்று, மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். வகுப்பில் படித்தது அப்போது கைக்கு வந்தது. ஒரு கையால் காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, மறு கையால் ஜாக்கெட்டின் காற்றைத் திறந்துவிட்டேன். விடாமல் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தேன். 7 மீட்டரில் நின்றேன். படகில் ஏறிய பிறகும் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. வீட்டில் இதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அதனால் சிலிண்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பி வீராம்பட்டினத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். பொருளைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "அக்கா, இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இன்னும் வருதான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பழைய ரெகுலேட்டர் வாங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று இப்போது தெரிகிறது. ஓ-ரிங்குகள், வால்வு சீட், வடிகட்டி என்று தேய்கிற உறுப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொட்டலமாக வரும். அந்த மாடலுக்கு அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கிப் பயனில்லை. மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி சர்வீஸ் செய்கிறவருக்கு அனுப்பினோம். கிட் கிடைக்கும் என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

அதன் பிறகுதான் தம்பி ரெகுலேட்டரைக் கையில் எடுத்தார். சிலிண்டரோடு பொருந்துகிற இடத்தில் தூசி மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு உலோக வடிகட்டி. வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டியது, ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. நாள்பட்ட பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் படியுமே, அதே பச்சை. "தண்ணி உள்ள போயிருக்கு. மூடி போடாம கழுவியிருப்பாங்க" என்றார். அதுவே செம்பழுப்பாக இருந்தால் இரும்பு சிலிண்டரின் துரு வந்து படிந்திருக்கிறது, கறுப்பாக இருந்தால் கம்ப்ரசரிலிருந்து கரி வந்திருக்கிறது. சொந்தக்காரருக்கே தெரியாத கதையை அந்தச் சின்ன வட்டம் சொல்லிவிடுகிறது.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்கித் தருகிறது. வாயில் கடித்திருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நாம் மூச்சிழுக்கும் அளவுக்குக் கொண்டுவருகிறது. தம்பி இடையில் ஒரு அழுத்தமானியை மாட்டி, தன் கடை சிலிண்டரைத் திறந்தார். முள் 9.5-இல் நின்றது. நான் நிம்மதியானேன். "இருங்கக்கா" என்றார். முள் மெல்ல நகர்ந்தது. 10. சற்றுப் பொறுத்து 10.5. பிறகு 11. அதோடு செகண்ட் ஸ்டேஜிலிருந்து யாரும் தொடாமலே காற்று சீறியது. மூச்சுக்கு மூச்சு மூடித் திறக்கும் அந்த சீட் தேய்ந்துவிட்டால், மூட வேண்டிய நேரத்தில் முழுதாக மூடாது. காற்று நின்று போகாது, சரிதான். ஆனால் கொட்டித் தீர்ந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு ரெகுலேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேன். தம்பி வேறு மாதிரி பார்த்தார். உடம்பு நல்ல பித்தளை, அரிப்பு இல்லை, மாற்ற வேண்டியவை எல்லாம் கிட்டில் வருபவை என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. 1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய ரெகுலேட்டரின் கரு, போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கார்களை எரிவாயுவில் ஓட்ட கான்யான் செய்து வைத்திருந்த ஒரு வால்வுதான். பிரித்து, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, அளந்து பார்க்கக்கூடிய இயந்திரம் அது. பிரித்துப் பார்க்க ஆளும் உறுப்பும் இருக்கும்வரை அதன் வயது எனக்குப் பொருட்டில்லை. ரப்பர் குழாய்கள் அப்படியல்ல. முனையில் வளைத்தால் நுண்ணிய வெடிப்பு தெரிந்தது, மூன்றையும் புதிதாக மாற்றச் சொன்னேன்.

மற்றவற்றுக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. மாஸ்க்கை வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு நிற்கவில்லை, வைத்துவிட்டேன். வெட்சூட்டின் முழங்கால் பகுதி நசுங்கி மெலிந்திருந்தது, அதுவும் வேண்டாம். ஃபின்ஸ் நன்றாக இருந்தன. பிசிடியை முழுக்க ஊதி இரவெல்லாம் வைத்தோம், காலையிலும் விறைப்பாகவே இருந்தது. குலுக்கினால் உள்ளே உப்பு மணல் போலக் கலகலத்தது. வெந்நீர் விட்டு மூன்று முறை அலசினோம். காற்றேற்றும் பொத்தான் இருக்கும் பகுதியை மட்டும் நான் வாதமே செய்யாமல் புதிது போடச் சொன்னேன். கம்ப்யூட்டரை ஒரு டைவில் தம்பி தன்னுடையதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். 18 மீட்டரில் இரண்டுக்கும் 0.2 மீட்டர்தான் வித்தியாசம்.

சிலிண்டர் விஷயத்தில்தான் டாக்டரோடு நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருந்தது. "அதுக்குக் காசே வேண்டாம், சும்மா எடுத்துக்கோ" என்றார். அதன் தோளில் பொறித்திருந்த கடைசிச் சோதனை 2016-ஆம் ஆண்டுடையது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்தாக வேண்டும். சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் 5/3 மடங்கு ஏற்றி, எவ்வளவு விரிந்தது, விரிந்தது மீண்டும் சுருங்கியதா என்று அளப்பார்கள். அதற்கும் மேலாக, இந்தியாவில் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன, பெசோ என்கிற அரசு அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். வீட்டுச் சாமான்களோடு வந்த இதற்கு அந்த அங்கீகாரம் கிடையாது.

பழைய சிலிண்டர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1990-க்கு முன் தயாரான சிலவற்றில் 6351 என்ற அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். கழுத்து மரை ஓரத்தில் விரிசல் விட்டு, அவற்றில் சில காற்று நிரப்பும்போதே வெடித்திருக்கின்றன. டாக்டருடையது 2011-இல் செய்தது, அந்த வகையல்ல. ஆனால் எந்தச் சிலிண்டர் வெடித்தாலும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பது சொந்தக்காரர் இல்லை, கம்ப்ரசர் அருகே நின்று நிரப்பிக்கொண்டிருக்கிற பையன்தான். புதுச்சேரியில் அந்த வேலையைச் செய்கிற பையனை எனக்குத் தெரியும். டைவுக்குப் போனால் சிலிண்டரை அவர்களே தருகிறார்கள், எனக்கென்று ஒன்று தேவையும் இல்லை.

சர்வீஸுக்கும் குழாய்களுக்கும் ஆகும் செலவை எழுதிக் கொடுத்து, எடுக்காத பொருட்களையும் கழித்து, இருபத்தெட்டாயிரம் சொன்னேன். டாக்டர் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை, சரி என்றார். ரெகுலேட்டர் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மாற்றிய பழைய உறுப்புகளையும் தரும்படி முன்பே கேட்டிருந்தேன். சின்னப் பிளாஸ்டிக் உறையில் அந்த சீட்டும் இருந்தது. அதன் முகத்தில் நகத்தால் தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

சிலிண்டரை என்ன செய்யட்டும் என்று கேட்டார். காற்றை முழுவதும் திறந்துவிட்டு, வால்வைக் கழற்றி, அறுத்துவிடச் சொன்னேன், விவரம் தெரியாத யார் கைக்கும் முழுதாகப் போய்விடக் கூடாது என்று. நேற்று ஒரு லேத் பட்டறையில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்சுவரில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பொரி பொரியாகப் பூத்திருந்தது.