பழைய சபையில் காலி பெஞ்சு, கடைமாடியில் இடமில்லை: கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன நடக்கிறது?

தாத்தா பாட்டி ஞானஸ்நானம் எடுத்த சபைக்கு இன்னும் போகிறவர்கள் உங்கள் நட்பு வட்டத்தில் எத்தனை பேர்? கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தமிழ்ச் சபைகள் சிலவற்றில் நரைத்த தலைகள்தான் அதிகம். கடைவரிசை மாடியில் நடக்கும் சில பெந்தெகொஸ்தே ஆராதனைகளிலோ நாற்காலி போதவில்லை.

'அங்கே விசுவாசம் செத்துப்போச்சு' என்பது ஒரு தரப்பு. 'கிட்டார் வாசிச்சு ஆளை இழுக்கிறாங்க' என்பது இன்னொரு தரப்பு. முதலில் எண்களைப் பார்க்கலாம்.

மொத்தத்தில் வளர்ச்சி இருக்கிறதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்களின் பங்கு 2000-இல் 9.1%, 2010-இல் 9.2%, 2020-இல் மறுபடியும் 9.1%. இவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். 2010 கணக்குப்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் சுமார் 6%தான். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தை மாநிலங்கள் கட்டுப்படுத்த அரசமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. ஆக, ஒரு தமிழ்ச் சபை திடீரென நிரம்பினால், வந்தவர்களில் கணிசமானோர் வேறொரு சபையிலிருந்து எழுந்து வந்தவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஏன் எழுந்து போகிறார்கள்?

முதல் காரணம் வீடு. தமிழ் லுத்தரன்கள் 1907-இல் கோலாலம்பூரில் சபை தொடங்கினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் ஆலயம் அந்த வழி வந்தது. யாழ்ப்பாணத் தமிழர் உட்பட ரயில்வே ஊழியர்கள் அப்போது அங்கேயே குடியிருந்தார்கள், நடந்தே ஆராதனைக்குப் போகலாம். இன்று ரயில்வே யார்டு இருந்த இடத்தில் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. ரப்பர் தோட்டங்கள் தாமான்களாக மாறியபோது தோட்டத்து மக்கள் கிள்ளான், பூச்சோங் பக்கம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கல் கட்டடம் கூடவே போகாதே! கடைமாடியை வாடகைக்கு எடுத்தால் போதும் என்று நினைத்த போதகர்கள் அந்த அடுக்குமாடிகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். புதிய தேவாலயம் கட்ட நிலமும் அனுமதியும் கிடைப்பது லேசில்லை என்பதும் கடைமாடிக்கு ஒரு காரணம்.

இரண்டாவது, மொழி. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரணம்.

இரு தரப்பும் பெரும்பாலும் படிப்பது ஒரே பைபிளைத்தான், 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் நடை. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. பழைய சபையின் வழிபாட்டு ஒழுங்கும் கீர்த்தனைகளும் அதே நடையில் தொடரும். கடைமாடிப் போதகர் வீட்டில் பேசுகிற மாதிரி பேசுவார், நடுவில் மலாயும் ஆங்கிலமும் வரும். வேலை போனது, குடிப்பழக்கம், உடம்புக்கு முடியவில்லை என்று பேர் சொல்லி ஜெபிப்பார். தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்து வராதவர்களுக்காகத் திரையில் ரோமன் எழுத்தில் பாட்டு ஓடும். தமிழ் ஆர்வலர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் பாடுவது தமிழில்தான்.

கடைமாடி நிலைக்குமா?

எல்லாம் நிலைப்பதில்லை. ஒரே போதகரை நம்பி நிற்பவை அவர் விலகினால் ஆடிப்போகும். இரண்டாக உடைவதும் உண்டு. பழைய சபைகளுக்குச் சொந்த நிலமும், ஆயர்களை அனுப்பும் அமைப்பும் இருக்கிறது.

அவற்றின் சிக்கல் வேறு. இளைஞர்களைத் தக்கவைக்க ஆங்கில ஆராதனை தொடங்கினால், ஆங்கிலத்துக்குப் பழகியவர்கள் புக்கிட் ஜாலிலில் 5,000 பேர் அமரும் அரங்கம் வைத்திருக்கும் கல்வரி சர்ச் போன்ற இடங்களையும் பார்க்கத் தொடங்குவார்கள். தொடங்காவிட்டால், புரியாத பிரசங்கத்தில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே வீட்டில் அம்மா தமிழ் ஆராதனைக்கும் மகள் ஆங்கில ஆராதனைக்கும் தனித்தனியாகக் கிளம்புவது இப்போதே நடக்கிறது.