பணம் கொடுப்பது நாம், உத்தரவு போடுவது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இரண்டு, மூன்று மாதங்களில் அடுத்து வாங்க நினைப்பது பிரிண்டர். பிள்ளைகளின் புராஜக்ட், ரயில் டிக்கெட், ஆதார் நகல் என்று ஒவ்வொன்றுக்கும் கடைக்கு ஓட முடியாது அல்லவா? எங்கள் தெருவில் உள்ள ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரும் அப்படித்தான் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினார். விலை மலிவு. கூடவே வந்த மை சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. புதிய கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டால், இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்கும் பணத்தில் இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம் போலிருந்தது. எனவே, வேறு ஒரு நிறுவனம் தயாரித்த மலிவான கார்ட்ரிட்ஜை வாங்கி மாட்டினார். நன்றாகவே அச்சடித்தது. ஒரு நாள் பிரிண்டருக்கு அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. ஓகே அழுத்தினார். அதோடு பிரிண்டர் வேலைநிறுத்தம்.

என்னை அழைத்துக் காட்டினார். "தம்பி, பிரிண்டர் என்னோடது. பேப்பர் என்னோடது. மையும் நான் காசு கொடுத்து வாங்கினது. மாட்டேன்னு சொல்ல இது யாரு?"

"சார், இது உங்க பேச்சைக் கேட்காது. கம்பெனி பேச்சைத்தான் கேட்கும்."

"அப்ப பில்லு எதுக்கு என் பேர்ல போட்டான்?"

கணக்கு வாத்தியார் கேள்வி. நான் பொறியியல் படித்து, சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன். ஆனால், இதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். இன்றைய கார்ட்ரிட்ஜ்களில் மை மட்டும் இல்லை. ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு சிப் இருக்கிறது. பிரிண்டருக்குள் இருக்கும் சாப்ட்வேர் அந்தச் சிப்பிடம் "நீ நம்ம ஆளா?" என்று கேட்கும். சரியான பதில் வராவிட்டால் அச்சடிக்காது. மை தரமானதா, தண்ணீரா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று, உலகின் பல இடங்களில் எச்.பி. ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் மற்ற நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. தடை முன்பே அப்டேட்டில் அனுப்பப்பட்டு, அந்தத் தேதிக்காகக் காத்திருந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. அந்தத் தடையை நீக்கும் சாப்ட்வேரை அந்த நிறுவனம் பின்னர் வழங்கியது. ஆனால் வழக்கத்தை விடவில்லை. "டைனமிக் செக்யூரிட்டி" என்ற பெயரில் அது தொடர்ந்தது. 2024 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் தலைவர், வெளி கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் வரலாம் என்று தொலைக்காட்சி பேட்டியில் காரணம் சொன்னார். அதே பேட்டியில், அச்சிடுவதை மாதச் சந்தா முறைக்குக் கொண்டு செல்வதே தங்கள் நீண்ட கால நோக்கம் என்றும் சொன்னார். இரண்டில் எது உண்மைக் காரணம் என்று உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

இந்தப் பூட்டை எழுதுவது கடினமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரியும். ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன்.

என் முதல் வேலையில், வீடுகளில் மாட்டும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்திற்கான சாப்ட்வேர் எழுதும் குழுவில் இருந்தேன். பில்டர் மாற்ற வேண்டிய நேரத்தை அது சொல்ல வேண்டும். எத்தனை லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கிட்டுத்தான் சொல்லும் என்று நினைத்தேன். எனக்கு வந்த உத்தரவு வேறு. மாட்டிய நாளில் இருந்து 365 நாட்களை எண்ணு. முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்து. எச்சரிக்கை விளக்கு அல்ல, நிறுத்து. "எட்டு பேர் இருக்கும் வீடும் இரண்டு பேர் இருக்கும் வீடும் ஒன்றா?" என்று மேலாளரிடம் கேட்டேன். "ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கும் நாம வருஷத்துக்கு ஒரு பில்டர் விக்கணும்ல?" என்றார். மறுத்துப் பேசவில்லை. மதியம் ஆரம்பித்து, மாலை டீக்கு முன் முடித்துவிட்டேன். இரண்டு வரி கண்டிஷன், ஒரு எண். அவ்வளவுதான்.

அதே இயந்திரத்தை என் சித்தி தன் வீட்டில் மாட்டியிருந்தார். நான் வேலை செய்யும் கம்பெனியின் பொருள் என்ற பெருமையில்தான் வாங்கினார். சித்தியும் சித்தப்பாவும் மட்டும் இருக்கும் வீடு. அடுத்த ஆண்டு மே மாதம், நல்ல வெயிலில், இயந்திரம் நின்றது. பில்டர் வர ஐந்து நாட்கள் ஆயின. அதுவரை கேன் தண்ணீர் வாங்கினார்கள். "என்னடா இது, நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு?" என்று போனில் கேட்டார். சர்வீஸ் நம்பரைக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

சீக்கிரம் கெட்டுப் போகும்படி பொருளைத் தயாரிப்பது புதிய யோசனை அல்ல. 1924இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு தயாரிப்பாளர்கள் ஜெனீவாவில் கூடி "பீபஸ்" என்ற கூட்டணி அமைத்தார்கள். அப்போது 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்த பல்பை, 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று நிர்ணயித்தார்கள். சூடு அதிகமான இழை குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தரும் என்பது உண்மை. அந்த நியாயமும் சொல்லப்பட்டது. ஆனால் அதிக நேரம் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான் என்றால் அபராதம் எதற்கு? பல்பு காலத்தில், இழையை மாற்றினால்தான் ஆயுளைக் குறைக்க முடியும். இன்று சாப்ட்வேர் போதும். அதுவும் நீங்கள் பொருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் செய்யலாம்.

இது மையோடும் பில்டரோடும் நின்றால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். நம் சோறு விளையும் இடத்திற்கும் இதே பூட்டு போய்விட்டது. அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர்கள் இன்று சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்கள். ஒரு சென்சார் பழுதானால் விவசாயியே மாற்றலாம். ஆனால் அதைப் பல நேரங்களில் இயந்திரம் ஏற்றுக்கொள்ள டீலரின் சாப்ட்வேர் வேண்டும். அறுவடை நேரத்தில் டீலரின் ஆள் வரும் வரை காத்திருப்பது என்றால் என்ன என்று நம் ஊர் விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் வாங்கியவருக்கு அதில் உள்ள சாப்ட்வேர் சொந்தமல்ல, பயன்படுத்தும் உரிமம்தான் இருக்கிறது என்பது 2015இல் அந்த நிறுவனம் அமெரிக்க பதிப்புரிமை அலுவலகத்தில் வைத்த வாதம். 2017இல், உக்ரைனில் இருந்து வந்த பூட்டு உடைத்த சாப்ட்வேரை அமெரிக்க விவசாயிகள் இன்டர்நெட்டில் தேடி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று செய்திகள் வந்தன. சொந்த டிராக்டரைப் பழுது பார்க்கத் திருட்டு சாப்ட்வேர்!

2022இல் இன்னொரு சம்பவம். உக்ரைனின் மெலிடோபோல் நகரில் ரஷ்யப் படையினர் ஒரு டீலரிடம் இருந்து அள்ளிச் சென்ற அறுவடை இயந்திரங்கள் தூரத்தில் இருந்தே முடக்கப்பட்டன. செய்தியைப் படித்துப் பலர் கை தட்டினார்கள். நானும்தான். பிறகு யோசித்தேன். திருடனின் கையில் உள்ள இயந்திரத்தை அணைக்க முடிந்தால், வாங்கியவர் கையில் உள்ளதையும் அணைக்க முடியும். 2023இல் விவசாயிகள் சங்கக் கூட்டமைப்புடன் பழுது பார்ப்பது குறித்து அந்த நிறுவனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதற்குப் பிறகும், 2025 ஜனவரியில், அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே அதன் மீது வழக்குத் தொடர்ந்தது.

விதையின் கதை இதைவிட விசித்திரம். இந்தியானா மாநிலத்தில் வெர்னான் பவுமன் என்ற முதிய விவசாயி, தானியக் கிடங்கில் விற்ற சோயாவை வாங்கி விதைத்தார். அதில் பெரும்பாலானவை களைக்கொல்லியைத் தாங்கும் மான்சாண்டோ ரகம். விளைந்ததில் ஒரு பகுதியை எடுத்து வைத்து மீண்டும் விதைத்தார். உழவர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். மான்சாண்டோ வழக்குப் போட்டது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். விதைப்பது என்பது காப்புரிமை பெற்ற பொருளை நகல் எடுப்பது என்றாகிவிட்டது. நாம் சிடியை காப்பி செய்வது போல! 84,456 டாலர் இழப்பீடு.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் மேல். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 39ஆம் பிரிவு, விளைந்ததில் இருந்து விதை எடுத்து வைக்க, மீண்டும் விதைக்க, பிறருக்குக் கொடுக்க, ஏன், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் போட்டு மட்டும் விதையாக விற்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் இருந்தும் 2019இல் பெப்சிகோ நிறுவனம், சிப்ஸுக்கான தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக குஜராத் விவசாயிகள் சிலர் மீது வழக்குப் போட்டு, நான்கு பேரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதத்தில் வாபஸ் பெற்றது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவும் ரத்தானது. ஆனால் 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது.

ஆராய்ச்சிக்குச் செலவு செய்தவன் பணம் சம்பாதிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சம்பாதிக்கட்டும். நானும் அந்தப் பணத்தில்தான் சோறு சாப்பிடுகிறேன். விற்கும்போது ஒரு முறை லாபம் வைத்து விற்கட்டும். விற்ற பின்னும் பொருளின் சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி உங்கள் மேஜை மீது உள்ள கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்தியது. விரும்பிப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு என்றது. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016இல் வாங்கிய கம்ப்யூட்டர் எத்தனை நன்றாக ஓடினாலும் பட்டியலில் இல்லை. பாதுகாப்புக்காக என்ற காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதற்காக நல்ல நிலையில் உள்ள இயந்திரங்கள் குப்பைக்குப் போகின்றன. 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த எலக்ட்ரானிக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால்வாசி கூட இல்லை. லேப்டாப் நம் வீட்டில் இழுக்கும் மின்சாரம் குறைவுதான். 40 வாட் என்று வைத்து, தினம் எட்டு மணி நேரம் ஓட்டினாலும் மாதம் 10 யூனிட் கூட ஆகாது. அது பூமிக்கு வைக்கும் செலவில் பெரும் பகுதி, சிப்பும் திரையும் தயாராகும்போதே முடிந்துவிடுகிறது. எனவே புதியதை வாங்கி மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் பதிந்து பாருங்கள். இன்டர்நெட், கடிதம், பிள்ளைகளின் பாடம் எல்லாம் ஓடும்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் சில கேள்விகள் கேளுங்கள். ராம் கூட்ட முடியுமா, போர்டிலேயே ஒட்டப்பட்டதா? பேட்டரியை வெளியில் மாற்ற முடியுமா? பிரிண்டர் என்றால், மையை நேரடியாக ஊற்றும் டேங்க் உள்ளதா? விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பாட்டில் மைக்கு வைத்த காசு நிற்கும். இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யுமா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பல கடைகளில் விழிப்பார்கள். பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். உதிரி பாகம், பழுது பார்க்கும் விவரங்களைத் தேட மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் "ரைட் டு ரிப்பேர்" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து விவரம் தரும் ஏற்பாடு அது. கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தால்தான் பல் முளைக்கும்.

ஆசிரியர் இப்போது டேங்க் பிரிண்டருக்கு மாறிவிட்டார். பழையதை விற்க மனம் வராமல், அதன் மேல் துணி விரித்துப் பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்.

சித்தி விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்த 365ஐ எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, எழுதினவன் நீதானே? அதை எடுத்துவிடு" என்றார். அந்தக் கம்பெனியை விட்டு நான் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத சாப்ட்வேரை அந்த இயந்திரம் ஏற்காது. அந்தச் சோதனையையும் எங்கள் குழுதான் எழுதியது.