இணையத்தளத்தின் சாவி யாரிடம்?

மன்னார்த் தீவின் தோட்டவெளியில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். "நானா, இணையத்தளத்தின் வருடக் கட்டணத்தை மறுபடியும் கூட்டிவிட்டார்கள். விட்டுவிடவா?" என்று கேட்டார். கொழும்பு மொத்த வியாபாரிகள் சிலர் அந்தத் தளத்தைப் பார்த்துத்தான் அவரை அழைக்கிறார்கள்.

கட்டணத்தைக் கூட்டியவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம்மவர்களின் சிறிய தளங்கள் பல ஒரே சேவையகத்தில் கூட்டாகக் குடியிருப்பவை. அத்துடன் சேர்த்துத் தரப்படும் நிர்வாக மென்பொருள் பெரும்பாலும் சிபேனல். முன்பு ஒரு சேவையகத்துக்கு ஒரே கட்டணம், எத்தனை தளம் இருந்தாலும் சரி. 2019 இல் கணக்குகளின் எண்ணிக்கைப்படி அறவிடத் தொடங்கினார்கள். அடுத்து, 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பியிருந்த இலவச இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் நமது ரூபாயும் சரிந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300 ஐத் தாண்டியது.

சொந்தமாகச் சேவையகம் எடுத்து, அல்மாலினக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போடலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். முடியும்தான். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை மாதாமாதம் யார் போடுவது? கருவாடு காயப்போடும் மனிதரா?

அவருடைய தளத்தில் இருப்பது விலைப்பட்டியல், பத்துப் படங்கள், தொலைபேசி இலக்கம். இதற்கு வேர்ட்பிரஸ்ஸும் தரவுத்தளமும் தேவையே இல்லை. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றினால் எந்தச் சேவையகத்திலும் ஓடும். கிளவுட்ஃபிளேர் பேஜஸில் இலவசமாகவே வைக்கலாம். (கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் இணைய வியாபாரம் நடத்த அங்கே அனுமதியில்லை.) பணம் செலுத்தும் வசதி வேண்டுமென்றால் கதை வேறு, அப்போது கூட்டு வாடகையே நல்லது.

பேச்சோடு பேச்சாக, தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரிலாம்! கடவுச்சொல்லும் அவர்களிடமே. பிரதி ஒன்றும் கையில் இல்லை. கட்டண உயர்வை விட இதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பெயர் நம்முடையதாக இருந்தால் தளத்தை எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம். 1990 இல் வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து காணி உறுதிக்காக அலைந்த எமக்கா இது புரியாது?

பெயரை மாற்றித் தரும்படி நேற்றுத்தான் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வரும்வரை கூட்டிய கட்டணத்தையே கட்டச் சொல்லியிருக்கிறேன்.