கூடி ஆக்கும் களஞ்சியம்

நூல் செய்தல் புலவர் தொழில் என்று நம் முன்னோர் கருதினர். செய்த நூலை அவையோர் முன் படித்துக் காட்டி, அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, அவர்கள் ஒப்பிய பின்னரே உலகுக்கு அளித்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை. இதனையே அரங்கேற்றம் என்றனர். அச்சுப்பொறி வந்த பின்னர் அரங்கேற்றம் அருகிற்று. எழுதியவர் அச்சகத்திற்கு அனுப்பினால் நூல் வெளிவந்துவிடும். பிழை இருப்பின் அடுத்த பதிப்பு வரும்வரை அது பிழையாகவே நிற்கும். அடுத்த பதிப்பு வாராமலே போவதும் உண்டு. மறைந்ததென்று பலரும் கருதிய அவ்வழக்கம், நம் காலத்தில், புலவர் என்று தம்மைக் கூறிக்கொள்ளாத பலரிடையே கணினித் திரையில் மீண்டும் உயிர்த்திருக்கிறது. விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தைத் தமிழில் எழுதிவரும் தன்னார்வலரையே இங்குக் குறிக்கிறேன்.

மாணவர்களே, கலைக்களஞ்சியம் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளை 1902ஆம் ஆண்டில் ‘அபிதான கோசம்’ என்னும் நூலை வெளியிட்டார். சென்னையில் தமிழாசிரியராக விளங்கிய ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’, பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. இவை தனியொருவர் உழைப்பின் பயன்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் மற்றொரு வழியை மேற்கொண்டது. பல துறை அறிஞர்கள் எழுதினர். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்து அவற்றை ஒழுங்கு செய்தார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அத்தொகுதிகள் இன்றும் என் மேசைமேல் உள்ளன. அவற்றின் தமிழ்நடைக்காகவே அவற்றைப் படிக்கலாம்.

2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவர் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா இவ்விரு வழியினும் வேறானது. எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம், எழுதுவோருக்கு ஊதியம் இல்லை, விளம்பரமும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் அதனுட் புகுந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர்; கட்டடக் கலைஞர்; அரபு நாட்டில் பணியாற்றியவர். தொடக்க நாட்களில் பெரும்பாலும் அவர் ஒருவரே எழுதிக்கொண்டிருந்தார். படிப்போர் உளரோ இலரோ என்று அறியாத நிலையில் நாள்தோறும் எழுதுதல் எளிய செயலன்று. பின்னர்க் கனடாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தனர். 2017ஆம் ஆண்டில் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது; இன்று அது ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டது. கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதினை மயூரநாதனுக்கு வழங்கிச் சிறப்பித்தது.

‘எவரும் திருத்தலாம் எனின் அறியாதாரும் திருத்துவரே, களஞ்சியம் குப்பை மேடாகிவிடாதோ?’ என்று கேட்பார் உளர். நல்ல கேள்வியே. ஒரு கட்டுரையின் ஒவ்வொரு திருத்தமும், அது செய்யப்பட்ட நாளும் நேரமும், செய்தவர் பெயருடனோ அடையாளத்துடனோ அங்கே பதிவாகின்றன. பழைய வடிவங்கள் அழிவதில்லை. ஒருவர் விளையாட்டாகவோ வெறுப்பாலோ ஒரு பத்தியைச் சிதைத்தால், மற்றொருவர் ஒரு நொடியில் முன்னைய வடிவை மீட்டுவிடுவார். ஆதலின் கயவரைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டுவதில்லை. உண்மையான இடர்ப்பாடு நல்லோர் இருவர் மாறுபடும்போதுதான் தோன்றுகிறது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடற் பக்கம் உண்டு. திருத்தம் செய்தவர் ஏன் செய்தார் என்று அங்கே கூறுவார். மறுப்பவர் தம் மறுப்பினைச் சான்றுடன் எழுதுவார். களஞ்சியம் முழுமைக்கும் பொதுவான செய்திகளைப் பேசுவதற்கென ஒரு பக்கம் உள்ளது. அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயரிட்டவரைப் பாராட்டுகிறேன். ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் இடத்தின் பெயரை, கடல்கடந்து வாழ்வோரும் கூடிப் பேசும் பக்கத்திற்கு இட்டது மிகப் பொருத்தம்.

இப்பணியை ஊர்கூடித் தேர் இழுத்தலோடு ஒப்பிடுவோர் பலர். அவ்வுவமை முற்றும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. தேர் இழுப்போர் யாவரும் ஒரே வடத்தைப் பற்றி ஒரே திசையில் இழுப்பர். களஞ்சியம் எழுதுவோரோ ஒருவர் இட்டதை ஒருவர் எடுப்பர். ஒருவர் விட்டதை ஒருவர் நிரப்புவர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளியும் பதிப்புப் பணியே இதற்கு நெருங்கிய உறவு. அதற்குச் சான்று எங்கள் திருத்தணியிலேயே உண்டு. அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல்கள் பதினாறாயிரம் என்பது செவிவழி வழக்கு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அவை ஊர்தோறும் சிதறிக் கிடந்தன. திருத்தணி முருகனிடத்துப் பேரன்பு பூண்ட வ. த. சுப்பிரமணிய பிள்ளை, அரசுப் பணியில் இருந்துகொண்டே சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1894ஆம் ஆண்டில் திருப்புகழின் முதற்பகுதியை அச்சேற்றினார். அவர் மைந்தர் செங்கல்வராய பிள்ளை அப்பணியைத் தொடர்ந்து ‘தணிகைமணி’ எனப் பெயர் பெற்றார். இன்று நாம் ஓதும் ஏறத்தாழ 1,300 பாடல்களும், பெயர் தெரியாத எத்தனையோ பேர் தத்தம் வீட்டில் படியெடுத்து வைத்த ஏடுகளின் வழியே வந்தவை. அவர்கள் ஒருவரையொருவர் அறியார். அறியாதார் பலரின் உழைப்பு ஒருங்கு சேர்ந்ததனாலேயே அந்நூல் நமக்குக் கிடைத்தது.

இனி, மாறுபாடு எங்கே தோன்றுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். தமிழ்நாட்டார் ‘ஜெர்மனி’ என்று எழுதுவதனை ஈழத்தார் ‘யேர்மனி’ என்பர். நாம் ‘டொரண்டோ’ எனும் நகரத்தை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்பர். வடவெழுத்துக்களை அறவே நீக்க வேண்டும் என்பார் ஒருசாரார். மக்கள் எழுதுவதுபோல் எழுதுதலே தக்கது என்பார் மற்றொரு சாரார். இவை பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நிகழ்ந்த உரையாடல்கள் நெடியன. சில இடங்களிற் சூடானவையும் ஆகும். நான் வடவெழுத்தைக் குறைத்து எழுதும் மரபிற் பயின்றவன். எனினும், ஒரு நாட்டுத் தமிழரின் வழக்கை மற்றொரு நாட்டுத் தமிழர் ‘பிழை’ என்று அழித்துவிடுதல் முறையன்று என்று அங்கே வாதிட்டவர்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. அவர்கள் கண்ட வழியும் எளியது. கட்டுரைக்கு ஒரு தலைப்பு இருக்கும். மற்றைய வடிவங்களைத் தேடி வருவோரும் அக்கட்டுரைக்கே வந்துசேருமாறு வழிமாற்று அமைத்துவிடுவர். எவர் எழுத்தும் வாயிலில் நிறுத்தப்படுவதில்லை.

நன்னூலார் ஆசிரியர்க்குரிய மதங்கள் ஏழு என வகுத்து, இருவர் மாறுபட்டு நின்றவிடத்து ஒன்றினைத் துணிந்து கொள்ளுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கலைக்களஞ்சியம் இவ்விடத்தில் நன்னூலினின்றும் விலகிச் செல்கிறது. அறிஞர் இருவர் தக்க சான்றுடன் மாறுபடின், இன்னார் இவ்வாறு கூறுவர், இன்னார் அவ்வாறு கூறுவர் என்று இரண்டனையும் எழுதி நிறுத்துதலே அதன் முறை. துணிபு படிப்பவருடையது. ‘தன் மதம் கொளல்’ பயின்ற எம்போன்றோர்க்கு இது தொடக்கத்தில் உவர்ப்பாகவே இருக்கும்.

கூட்டுறவு என்பது யாது என்பதனை 2009ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த ஒரு செய்தி நன்கு விளக்கும். கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் இடச் செய்தது. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கையும் விரைந்து பெருகிற்று. பெருக்கம் கண்டு மகிழ்ந்திருக்கலாம் அன்றோ? தன்னார்வலர் மகிழவில்லை. தமிழ் மாணவருக்கு வேண்டிய பொருள்கள் பல எழுதப்படாமற் கிடக்க, அயல்நாட்டு நடிகரையும் படங்களையும் பற்றிய கட்டுரைகள் குவிந்தன. தொடர்கள் ஆங்கிலத்தின் எலும்பின்மேல் தமிழ்த் தோல் போர்த்தவை போல் இருந்தன. பிழையைச் சுட்டி உரையாடற் பக்கத்தில் எழுதினால் விடை கூற ஆள் வருவதில்லை. அம்மொழிபெயர்ப்பாளர்களைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. அவர்களுட் சிலர் திறமுடையோராகவே இருந்திருப்பர். ஆயினும் எழுதி முடித்தவுடன் அவர்கள் தொழில் முடிந்தது. தன்னார்வலருக்கோ எழுதிய பின்னர்தான் பணி தொடங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் அந்நிறுவனத்தோடு நேரிற் பேசித் தம் குறைகளை எடுத்துரைத்தனர். 2010ஆம் ஆண்டில் போலந்து நாட்டிற் கூடிய விக்கிமேனியா மாநாட்டிலும் இச்செய்தி எடுத்துரைக்கப்பட்டது. பின்னர் அம்முயற்சி நின்றது. ஒரு பெரும் நிறுவனம் வலியக் கொடுத்ததை, ஊதியமில்லாத ஒரு சிறு குழு, தரம் போதாது என்று கூறித் தடுத்தது சிறு செயலன்று. எண்ணிக்கையின்மேல் அவர்களுக்கும் ஆசை இருந்திருக்கும்.

இக்களஞ்சியத்தின் விதிகளுள் மாணவர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வெளியிடப்பட்ட, பிறர் சரிபார்க்கத்தக்க சான்று இன்றி ஒன்றும் எழுதலாகாது. திருத்தணி மலைப்படிகள் 365 என்று கூறுவர். ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பர். டிசம்பர் 31ஆம் நாளில் நடைபெறும் படித்திருவிழாவில் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறுவர். ஒரு மாணவன் ஏறி எண்ணிப் பார்த்துத் தான் கண்ட எண்ணைக் கட்டுரையில் எழுதினால் ஏற்பார்களோ? ஏற்கமாட்டார்கள். ‘நானே எண்ணினேன்’ என்பது சான்றாகாது. நம்பத்தக்க வெளியீடு ஒன்று கூறியிருத்தல் வேண்டும். கண்ணாற் கண்டது பொய்யோ என்று சினம் வரலாம். ஆயின் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இருந்து அக்கட்டுரையைச் சரிபார்ப்பவர் உன் கண்ணைக் கடன் வாங்க முடியாதன்றோ? அறியாதார் பலர் கூடி எழுதும் இடத்தில் இவ்விதி இன்றியமையாதது.

இவ்விதியால் வரும் இழப்பையும் மறைக்கலாகாது. சிற்றூர்களின் வரலாறு பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே உள்ளது. அது வெளியிடப்படாத வரையில் களஞ்சியத்திலும் ஏறாது. முதியோர் மறைந்தால் எங்கும் இராது. எனவே எழுத விரும்பும் மாணவன் முதலிற் செய்ய வேண்டியது தேடுதல். திருத்தணியில் வீரட்டானேசுவரர் கோயில் ஒன்று உண்டு. பல்லவன் அபராசிதன் காலத்தது, ஆயிரத்து நூறாண்டுப் பழமையுடையது. அங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா பொறிக்கப்பட்டுள்ளது. அதனை அரசனே பாடினான் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. மலைக்கோயிலுக்கு வருவோருள் அக்கோயிலையும் கண்டு செல்வோர் சிலரே. கல்வெட்டுக்கள் நூலாக அச்சாகியுள்ளன. அவற்றைத் தேடி எடுத்துச் சான்றுடன் எழுதுவது பள்ளி மாணவரால் இயலாத செயலன்று.

எழுத அஞ்சுவோர்க்கு விக்கிமூலம் என்னும் உடன்பிறந்த திட்டம் உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய நூல்களும் அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கணினி படித்தெடுத்த எழுத்துக்களை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துதலே பணி. திருத்தப்படாத பக்கம் சிவப்பு நிறம் காட்டும்; ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளாகும்; மற்றொருவர் மீண்டும் பார்த்த பின்னரே பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. ஒற்றுப்பிழை திருத்துவதிலேயே வாழ்நாளிற் பாதியைக் கழித்த எனக்கு இவ்வேற்பாடு பெருமகிழ்ச்சி தருகிறது. தன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பதனை அறிந்தவர் எவரோ வகுத்த விதி இது.

திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்தினின்று பிரிந்து, அந்நாளில் சென்னை மாநிலம் எனப்பட்ட நம் மாநிலத்தோடு இணைந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தை எங்கள் ஊரார் மறவார். மேடையிற் பேசும்போது ‘திருத்தணியை மீட்டோம்’ என்றே கூறுவேன். களஞ்சியத்தில் எழுதப் புகுந்தால் ‘இணைக்கப்பட்டது’ என்று எழுதுவேன். நகரியிலும் புத்தூரிலும் இருந்து அதே செய்தியைப் படிப்பவர் உளர். தெலுங்கு விக்கிப்பீடியாவும் 2003ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ஒரே ஊரைப் பற்றிய தமிழ்க் கட்டுரையும் தெலுங்குக் கட்டுரையும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். ஓர் அழுத்தத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஒன்று கூறுவதை மற்றொன்று ஏன் கூறவில்லை என்று கேட்கவல்ல இருமொழி அறிந்த பிள்ளைகள் எங்கள் ஊர்த் தெருக்களில் எத்தனையோ பேர் உளர். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசும் அவர்கள், தமக்கு இத்தகைய தகுதி உண்டென்பதனை இன்னும் அறிந்தாரல்லர்.