படைக்கு முந்தும் தலைவர்கள்

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று ஒரு பழமொழி உண்டு. சாப்பாடு என்றால் முதல் ஆளாக ஓடி, ஆபத்து என்றால் கடைசி ஆளாக நிற்கிறவனைப் பார்த்துக் கேலியாகச் சொல்வது இது.

ராணுவ அதிகாரிக்குச் சொல்லித் தரப்படும் பாடம் இதற்கு நேர் தலைகீழானது. படைக்கு அவர் முந்த வேண்டும். பந்திக்குப் பிந்த வேண்டும்.

1932-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி டேராடூனில் இந்திய ராணுவக் கழகத்தின் திறப்பு விழா நடந்தது. அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் அங்கே பேசும்போது மூன்று படிகளைச் சொன்னார். முதல் படி, நாட்டின் பாதுகாப்பு. இரண்டாவது படி, தன் கீழே உள்ள சிப்பாய்களின் நலன். அதிகாரியின் சொந்த சுகம் கடைசிப் படி. ஆட்சி மாறியது, கொடி மாறியது. அந்தப் பாடம் மட்டும் மாறவில்லை.

பரங்கிமலைப் பயிற்சி

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சீன யுத்தத்துக்குப் பிறகு அதிகாரிகள் நிறையத் தேவைப்பட்டார்கள். அதற்காக 1963-ல் பரங்கிமலையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

அங்கே பயின்றவர்தான் மேஜர் முகுந்த் வரதராஜன். 2014 ஏப்ரல் 25-ந் தேதி, காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த இடத்தை அவருடைய படை வளைத்தது. பின்னால் நின்று உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் முன்னால் போனார். அந்தச் சண்டையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31. அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது.

பதவி சல்யூட்டை வாங்கித் தரும்; நம்பிக்கையை வாங்கித் தராது. "இவர் போகாத இடத்துக்கு நம்மை அனுப்ப மாட்டார்" என்று தெரிந்தால்தான் சிப்பாய் உயிரைக் கொடுத்துப் பின்தொடர்வான்.

சீருடை போட்டவர் எல்லோரும் தியாகிகள் என்று சொல்வதற்கில்லை. தவறு செய்த அதிகாரிகளை ராணுவ நீதிமன்றம் தண்டித்ததும் உண்டு. ஆனால் அங்கே அளவுகோல் ஒன்று இருக்கிறது. தவறியவர் யார் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

மணலிக்கு என்ன சம்பந்தம்?

மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. உரத் தொழிற்சாலை இருக்கிறது. புழல் ஏரியின் உபரி நீரும் மணலி வழியாகத்தான் எண்ணூர்க் கடலுக்குப் போகிறது. பெருமழை பெய்தால் மக்கள் தூக்கம் இழக்கிறார்கள்.

2015 டிசம்பரில் சென்னையே மூழ்கியது. ராணுவமும் கடற்படையும் படகுகளோடு வந்தன. விமான நிலையம் மூடப்பட்டதால், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் புறப்பட்டன.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கொட்டியது. கடலோரக் காவல் படையினரும் மாணவர்களும் மீனவர்களும் வாளி வாளியாகக் கசடை அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. வலை கறுத்தது, படகு கறுத்தது, பிழைப்பும் கறுத்தது. கடலோரக் காவல் படை வானிலிருந்து மருந்து தெளித்தது. முகத்துவாரத்திலோ, மீனவர்களே குவளையால் எண்ணெயை மொண்டார்கள்.

பாராட்டு மட்டும் போதாது

உதவிக்கு வந்த படைகளைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் கடைசி மருந்து. நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள். வெள்ளம் வடிந்ததும் முகாமுக்குத் திரும்பி விடுவார்கள். கால்வாயைத் தூர் வாருவதும், ஆலைக் கழிவு வெளியேறாமல் காப்பதும், நஷ்ட ஈட்டைத் தாமதமின்றிக் கொடுப்பதும் அவர்கள் வேலை அல்ல.

அந்த வேலைக்கென்று நாற்காலிகள் இருக்கின்றன. மாநகராட்சிப் பொறியாளர், ஆலை மேலாளர், வருவாய் அதிகாரி, மக்கள் பிரதிநிதி ஆகிய இவர்களும் தலைவர்களே. மூன்று படிகளும் இவர்களுக்கும் பொருந்தும். மழை கொட்டுகிற இரவில் மதகடியில் நிற்கிறவர் யார், மறுநாள் தொலைபேசியில் விவரம் கேட்கிறவர் யார் என்பது மக்களுக்கு நன்றாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் இறங்கி அடைப்பு எடுக்கும் துப்புரவுத் தொழிலாளி தன் பங்கைச் செய்கிறார். அவருடைய அதிகாரி கரையில் நின்றாலும் போதும். வேலை இரட்டிப்பாக நடக்கும்.

ஐப்பசி மழை ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. அதற்கு முன்பே கால்வாய்க் கரையில் அதிகாரிகளின் காலடி பட்டால், மழை நாளில் மணலிக்குப் படகு தேவைப்படாது. ராணுவத்துக்கு நாடு செலுத்தும் உண்மையான மரியாதை, அதை எதற்கெடுத்தாலும் கூப்பிடாமல் இருப்பதுதான்.