வென்றவர் மட்டும்தான் நம்மவரா?



ரமளான் பிறை தென்பட்டதும் நம் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி தவறாமல் வலம் வரத் தொடங்குகிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்காக ஆடிய ஹகீம் ஒலாஜுவானைப் பற்றிய செய்தி அது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த அவர் ஆட்டக் காலத்திலும் நோன்பை விட்டவர் அல்லர். பகலில் ஆட்டம் நடந்தாலும் ஒரு மிடறு நீர் அருந்தமாட்டார். 1995ஆம் ஆண்டின் பிப்ரவரி முழுவதும் ரமளானாக அமைந்தது. அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. அதே பருவத்தில் அவருடைய அணி கோப்பையையும் வென்றது.

இவை யாவும் உண்மை. அந்த மனிதரின் கட்டுப்பாடு போற்றத்தக்கது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தச் செய்தியின் இறுதியில் நாம் சேர்த்து அனுப்பும் பாடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. "பாருங்கள், நோன்பு நோற்றார், வென்றார். நீங்களும் மார்க்கத்தைப் பேணுங்கள், உலகம் உங்கள் காலடிக்கு வரும்" என்பதே அந்தப் பாடம். கேட்க இனிமையானது, ஆனால் பிழையானது. வளரும் பிள்ளையின் ஈமானுக்கு ஊறு விளைவிக்கவும் கூடியது.

முதலில் அந்தத் தர்க்கத்தையே சற்றுச் சோதித்துப் பார்ப்போம். அதே பிப்ரவரியில்தான் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற பெரும் ஆட்டக்காரர் ராக்கெட்ஸ் அணியில் வந்து சேர்ந்தார். அந்தக் கோப்பையில் அவருக்கும் பங்குண்டு. முஸ்லிம் அல்லாத மைக்கேல் ஜோர்டன் 6 முறை கோப்பை வென்றார். கோப்பைதான் மார்க்கத்தின் சான்று என்றால் அந்த 6 கோப்பைகளுக்கு என்ன பொருள் சொல்வோம்? மறுஆண்டான 1996இலும் ஹகீம் நோன்பு நோற்றார். அந்த ஆண்டு ராக்கெட்ஸ் அணி சியாட்டில் அணியிடம் 4-0 எனத் தோற்று வெளியேறியது. அவருடைய நோன்பில் குறைவு இல்லை. கோப்பை மட்டும் இல்லை. அந்த ஆண்டின் கதையை நமக்கு யாரும் அனுப்பி வைப்பதில்லையே, ஏன்?

அதே 1996இல், அதே என்.பி.ஏ.வில், இன்னொரு முஸ்லிமுக்கு நேர்ந்ததை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவோம்?

மஹ்மூத் அப்துல் ரவூஃப் 1969இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் நகரில் கிறிஸ் ஜாக்சன் என்ற பெயரில் பிறந்தவர். தந்தையின் துணையின்றித் தாய் வளர்த்த ஏழைக் குடும்பம். உடல் தானாகவே வெட்டி இழுக்கும் டூரெட் நோய்க்குறி அவருக்கு உண்டு. ஒரு செயலை மனம் அமைதியடையும் வரை திரும்பத் திரும்பச் செய்யும்படி அந்நோய் அவரைத் தூண்டியது. வளையத்தின் விளிம்பில் படாமல் பந்து விழும் வரை ஓயாமல் எறிந்து பழகினார். பலருக்கு முடக்கமாக அமைந்திருக்கக்கூடிய நோயைப் பயிற்சியாக மாற்றிக்கொண்டார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக ஆட்டத்திற்குச் சராசரி 30.2 புள்ளிகள் எடுத்து நாட்டையே வியக்க வைத்தார். 1990இல் டென்வர் நக்கெட்ஸ் அணி அவரை மூன்றாவது தெரிவாக எடுத்துக்கொண்டது.

1991இல் அவர் இஸ்லாத்தை ஏற்றார். 1993இல் பெயரை மாற்றிக்கொண்டார். 1993-94 பருவத்தில் அவர் எறிந்த 229 ஃப்ரீ த்ரோக்களில் 219 வளையத்துக்குள் விழுந்தன. 1995-96இல் ஆட்டத்திற்குச் சராசரி 19.2 புள்ளிகள். அந்தப் பருவத்தில் 72 ஆட்டங்களில் வென்று 10இல் மட்டுமே தோற்றது ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் அணி. அந்தப் பத்துத் தோல்விகளுள் ஒன்றைத் தந்தது டென்வர். அன்று அவர் எடுத்தவை 32 புள்ளிகள். வயதோ இருபத்தாறு. வாழ்க்கை அவருக்கு எதையும் மறுக்காதிருந்த காலம் அது.

அந்தப் பருவத்தில், ஆட்டத்திற்கு முன் தேசிய கீதம் இசைக்கப்படும்போது அவர் எழுந்து நிற்பதைத் தவிர்த்து வந்தார். அந்தக் கொடி அடக்குமுறையின் அடையாளமாகவும் விளங்குகிறது, அதற்குமுன் வணக்கத்தைப் போன்ற ஒரு சடங்கில் நிற்க என் மனச்சான்று இடந்தரவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. அவர் அதை முழங்கவில்லை, ஊர்வலம் நடத்தவில்லை. பல மாதங்கள் எவருமே அதைப் பொருட்படுத்தவும் இல்லை. செய்தி ஊடகங்களில் பேச்சு எழுந்த பிறகே நெருப்புப் பற்றியது. 1996 மார்ச் 12 அன்று என்.பி.ஏ. அவரை இடைநீக்கம் செய்தது. ஓர் ஆட்டத்தின் ஊதியமாக 31,707 டாலர் பறிபோனது.

சில நாள்களில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அவர் எழுந்து நிற்பார். ஆனால் தலைகுனிந்து, கைகளை ஏந்தித் தம் இறைவனிடம் துஆ செய்வார். மார்ச் 15 அன்று சிகாகோ அரங்கில் அவ்வாறே நின்றார். சுற்றிலும் கூச்சல். அடுத்த சில நாள்களில் டென்வரின் ஒரு வானொலி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் அங்குள்ள பள்ளிவாசலுக்குள் நுழைந்து, தேசிய கீதத்தை எக்காளத்தில் ஊதி, அதை நேரடியாக ஒலிபரப்பினார்கள். ஒரு தனிமனிதரின் மனச்சான்றுக்காக ஒரு பள்ளிவாசலே ஏளனத்துக்கு ஆளானது.

அதன்பின் இறக்கம்தான். அந்தப் பருவம் முடிந்ததும் டென்வர் அவரைச் சேக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்கு மாற்றியது. 1998இல் ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு வயது 29. என்.பி.ஏ.வில் ஆட இடம் கிடைக்கவில்லை; துருக்கியின் ஃபெனர்பாஹ்சே அணிக்குச் சென்றார். 2000-01இல் வான்கூவர் அணியில் ஒரு பருவம் ஆடியதோடு அந்தக் கதவு நிலையாகச் சாத்தப்பட்டது. 2001இல் மிசிசிப்பியில் இருந்த அவரது வீடு தீக்கிரையானது. யாரோ தீ வைத்ததாகவே ஐயுறப்பட்டது. பிறகு ரஷ்யா, இத்தாலி, கிரேக்கம், சவூதி அரேபியா, ஜப்பான் என நாடு நாடாகச் சென்று நாற்பது வயதைத் தாண்டியும் ஆடிப் பிழைத்தார்.

அவரது ஆட்டம் சரிந்ததற்கு உடல்நலக் குறைவும் ஒரு காரணம் என்பார் உண்டு. அதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் முந்தைய பருவம் வரை தன் அணியின் முதன்மைப் புள்ளியாளராக இருந்தவருக்கு இரண்டே ஆண்டுகளில் இடமே இல்லாமற்போனதற்கு அந்த மார்ச் மாதத்தை விடுத்துக் காரணம் தேடுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். ஹகீமின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்கள். களத்தில் ஸஜ்தா செய்யும் கால்பந்து வீரர்களின் படங்களை நம் கைப்பேசிகள் அறியும். ஆனால் மஹ்மூத் அப்துல் ரவூஃபை அவர்கள் அறியமாட்டார்கள். அவர் எதையும் வெல்லவில்லை என்பதே அதற்குக் காரணம். வெற்றி மேடையில் நிற்பவரை "நம்மவர்" என்று உரிமை கொண்டாடுகிறோம். விலை கொடுத்தவரைக் கண்டும் காணாதவர்களாகக் கடந்து போகிறோம். இது மார்க்கப் பற்று அன்று. வெற்றியின் மீதுள்ள பற்று, மார்க்கத்தின் ஆடையை அணிந்துகொண்டு வருகிறது.

"அவருடைய முடிவு மார்க்க அடிப்படையில் சரிதானா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹகீம் ஒலாஜுவானே அன்று அவரோடு உடன்படவில்லை. வாழும் நாட்டை மதிக்க வேண்டும், நல்ல முஸ்லிம் நல்ல குடிமகனாக இருப்பான் என்பது ஹகீமின் கருத்து. அறிஞர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. நாட்டின் கீதத்திற்கு எழுந்து நிற்பதை மரியாதை என்ற அளவில் ஏற்போரும் நம்மிடையே உள்ளனர். நானும் அதைக் குறை கூற வரவில்லை. என் வாதம் வேறு. தாம் உண்மையென நம்பியதற்காகத் தம் பிழைப்பையே பணயம் வைத்தார் ஒரு மனிதர். அவரது முடிவோடு முரண்படலாம். அவரை மறந்துவிடுவதற்கு நமக்கு என்ன நியாயம் உண்டு?

"பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா? தோற்றவர் கதையைச் சொல்லி அவர்களை ஏன் அச்சுறுத்த வேண்டும்?" என்பது பெற்றோர் எழுப்பும் அடுத்த கேள்வி. அன்புப் பெற்றோர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நோன்போடு பரீட்சை எழுதினால் மதிப்பெண் கூடும் என்று சொல்லி மகளை அனுப்புகிறோம். மதிப்பெண் குறைந்துவிட்டால் அவள் யாரைக் குறை கூறுவாள்? ஹிஜாபைப் பேணினால் அல்லாஹ் உயர்த்துவான் என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம். அந்த ஹிஜாபுக்காகவே ஒரு வேலை கைநழுவிப் போகும் நாளில் அவளுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? வட்டியைத் தவிர்த்ததால் கடை வளர்க்க முடியாமற்போன தந்தையைப் பார்த்து மகன் என்ன முடிவுக்கு வருவான்? பலன் வரும் என்று வாக்களித்து ஊட்டிய ஈமான், பலன் வராத நாளில் கணக்குக் கேட்கும். அப்போது பிள்ளை நம்மைவிட்டு மட்டும் விலகுவதில்லை.

திருக்குர்ஆனின் ஸூரத்துல் ஹஜ் பதினொன்றாம் வசனம் இத்தகைய மனிதனைப் பற்றியே எச்சரிக்கிறது. விளிம்பில் நின்று அல்லாஹ்வை வணங்குபவன் அவன். நன்மை வந்தால் மனநிறைவு கொள்கிறான். சோதனை வந்தால் முகந்திருப்பிக்கொள்கிறான். அவனுக்கு இம்மையிலும் நட்டம், மறுமையிலும் நட்டம். நாம் அனுப்பும் அந்த இனிப்பான செய்திகள் நம் பிள்ளைகளை அந்த விளிம்பில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

நபித்தோழர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைக் கப்பாப் (ரலி) அவர்களின் சொல்லில் காணலாம். அல்லாஹ்வின் திருப்தியை நாடி நாங்கள் ஹிஜ்ரத் செய்தோம். எங்களில் சிலருக்குக் கனி பழுத்தது, அதைப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். சிலரோ இவ்வுலகில் எதையும் அனுபவிக்காமலே போய்விட்டார்கள் என்ற கருத்தில் அவர்கள் பேசினார்கள். அந்தச் சிலருள் அவர்கள் பெயர் சொன்னது முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களை. மக்காவின் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர். உஹுதில் ஷஹீதானபோது உடலை மூட ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடிக் கால்கள் மீது இத்கிர் புல்லை இடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கனி பறித்தவர்களையும் பறிக்காமல் போனவர்களையும் கப்பாப் (ரலி) ஒரே மூச்சில் நினைவுகூர்ந்தார்கள். கூலி அல்லாஹ்விடம் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

விளையாட்டு வீரர்களை நபித்தோழர்களோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. அளவுகோல் ஒன்றுதான் என்பதையே சொல்ல வருகிறேன். ஹகீமின் பெருமை 1995இன் கோப்பையில் இல்லை. கோப்பை வந்த ஆண்டிலும் வராத ஆண்டிலும் அவர் ஒரேமாதிரி ஸஹர் செய்து நோன்பு நோற்றாரே, அதில்தான் இருக்கிறது. அப்துல் ரவூஃபின் பெருமையும் 32 புள்ளிகளில் இல்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஏந்திய கைகளில் இருக்கிறது. ஒருவருக்கு உலகம் கொடுத்தது, மற்றவரிடமிருந்து பறித்தது. இருவரும் நின்ற இடம் ஒன்றே.

2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதைச் செய்தாரே என்று நினைவுகூர்ந்தது. 2020இல் அவரது பல்கலைக்கழகம் அவர் அணிந்த 35ஆம் எண்ணை வேறெவருக்கும் தராமல் ஓய்வளித்துக் கௌரவித்தது. பின்னர் அவர் வாழ்க்கை குறித்து ஆவணப்படமும் வந்தது. உலகத்தாருக்கே நினைவு திரும்பிவிட்டது. உம்மத்தாகிய நாம் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

வரும் ரமளானில் ஹகீமின் கதை உங்கள் கைப்பேசிக்கு வரும். மறவாமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நல்ல கதைதான். அதே இஃப்தார் விரிப்பில் அமர்ந்து அப்துல் ரவூஃபின் கதையையும் சொல்லுங்கள். "இவர் ஏன் தோற்றார்?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். "அவர் தோற்றுவிட்டார் என்று உனக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர்களே சிந்திக்கட்டும்.

கொடுக்கப்பட்டபோது நன்றியுடையோராகவும், எடுக்கப்பட்டபோது பொறுமையுடையோராகவும் நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.